லென்ஸ் அப்புறம் வாங்கலாம் தம்பி, முதலில் சத்தத்தைப் பிடியுங்கள்

கேட்டவர் திண்டுக்கல் பக்கத்துத் தம்பி. இரண்டு வருடமாக இன்னொருவரிடம் இரண்டாவது கேமராவாகப் போய்வந்தவர், ஆவணியில் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு கல்யாண வீடியோ ஆர்டர் பிடித்திருக்கிறார். கேமரா சொந்தமாக ஒன்று இருக்கிறது, கையில் 1,20,000 ரூபாயும் இருக்கிறது. "பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் 85 எம்.எம். லென்ஸா, கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலா, ட்ரோனா, எதை வாங்கினால் அடுத்த ஆர்டர் வரும்?" என்பது கேள்வி.

மூன்றையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

நான் வி.எச்.எஸ். கேசட் காலத்தின் கடைசியில், தோளில் லைட்டைத் தூக்கிக்கொண்டு கேமராக்காரர் பின்னால் ஓடிய பையனாக இந்தத் தொழிலுக்குள் வந்தவன். மினி டிவி டேப், டி.எஸ்.எல்.ஆர்., இப்போது மிர்ரர்லெஸ் என்று எல்லாம் பார்த்தாயிற்று. இத்தனை வருடத்தில் "பின்னணி போதுமான அளவு மங்கலாக இல்லை" என்று ஒருவர்கூட என் கடை வாசலில் வந்து நின்றதில்லை. தாலி கட்டும்போது கை தெரியவில்லை, அப்பா பேசியது கேட்கவில்லை, ரிசப்ஷனில் பாதியைக் காணோம், ஆறு மாதமாகியும் பென் டிரைவ் வரவில்லை: சண்டைக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த நாலில் ஒன்றுக்காகத்தான் வந்தார்கள். உங்கள் பணமும் இந்த நாலுக்குத்தான் போக வேண்டும்.

முதலில் சத்தம். நம் ஊர்க் கல்யாணத்தைப் போல ஒலிக்குக் கஷ்டமான நிகழ்ச்சி வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். ஐயர் முணுமுணுப்பாக மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். திடீரென்று கையை உயர்த்தி "கெட்டிமேளம்" என்பார். அடுத்த நொடி இரண்டு தவிலும் இரண்டு நாகஸ்வரமும் பத்தடி தூரத்திலிருந்து மொத்தமாக எழும். கேமராவில் ஆடியோ ஆட்டோவில் இருந்தால் என்ன ஆகும்? மந்திரத்துக்காக ஏற்றி வைத்திருந்த லெவலில் மேளம் வந்து விழுந்து கிழியும். பிறகு கேமரா பயந்துபோய் லெவலை இறக்கும். மேளம் நின்ற பிறகும் சில நொடிகள் எதுவும் கேட்காது. அந்தச் சில நொடிகளில்தான் பெண்ணின் அம்மா ஏதாவது சொல்லியிருப்பார்.

அதனால் ஆட்டோவை அணைத்துவிடுங்கள். சாதாரணப் பேச்சு மீட்டரில் மைனஸ் 12 பக்கம் வரும்படி ஒரு டிராக். அதே ஒலியை இன்னும் 20 டெசிபல் குறைத்து இன்னொரு டிராக். மேளம் வரும் இடத்தில் எடிட்டிங்கில் இரண்டாவதற்கு மாறிக்கொள்ளலாம். மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் கிழியாமல் ஒன்றாகப் பிடிக்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் சின்ன ரெக்கார்டர்கள் இப்போது கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன. அதில் பதிந்தால் லெவல் கவலை பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் மைக் தவிலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் மைக்கே திணறிப்போகும், அதை ஃப்ளோட் காப்பாற்றாது. மேளக்காரர்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, மணவறையின் எதிர்ப்பக்கத் தூணில், பூ அலங்காரத்துக்குள், உட்கார்ந்திருப்பவர் தலை உயரத்தில் மைக்கைச் சொருகிவிடுங்கள்.

மாப்பிள்ளை சட்டையில் மைக் மாட்டலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கும்பகோணம் பக்கம் ஒரு ஐயர் வீட்டுக் கல்யாணம். காலையிலேயே மாப்பிள்ளை சட்டைக் காலரில் மாட்டி, ரெக்கார்டரை அவர் பையில் போட்டுவிட்டேன். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண் கூறைப் புடவை மாற்றப் போனார், மாப்பிள்ளையும் புது வேட்டி அங்கவஸ்திரத்துக்கு மாறப் போனார். சட்டை அறைக் கொக்கியில் தொங்கியது. என் மைக்கும் அங்கேயே தொங்கியது. மாங்கல்யதாரணம் முழுக்க அது பதிந்து வைத்திருந்தது, அந்த அறையில் இரண்டு சம்பந்தி வீட்டாரும் சீர் விஷயமாகப் பேசிக்கொண்டதை! கேட்ட அன்றே அழித்துவிட்டேன். நம் கருவிகள் காதில் போட்டுக்கொள்ளும் வீட்டு ரகசியங்கள் வெளியே போகக் கூடாது, அழித்ததாகக்கூட அந்த வீட்டாரிடம் சொல்லக் கூடாது. காலர் மைக்கை ரிசப்ஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்குத் தூண் மைக்தான்.

மைக் செட்காரரிடமிருந்து ஒரு லைன், அதாவது அவர் செட்டிலிருந்து நேராக ஒலி வரும் வயர், வாங்குவதும் நல்லது. வாங்கும்போது ரெக்கார்டரை லைன் இன்புட்டுக்கு மாற்ற மறந்தால் எல்லாம் கரகரவென்று பதியும், மண்டபச் சத்தத்தில் ஹெட்ஃபோன் இல்லாமல் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். மேளம் ஆரம்பித்ததும் ஐயர் மைக்கை அணைத்துவிடுவது பல மைக் செட்காரர்களின் பழக்கம். கேமராவின் சொந்த மைக்கையும் ஓடவிடுங்கள், தரத்துக்காக அல்ல, பிறகு ரெக்கார்டர் ஒலியைப் படத்தோடு பொருத்த. தனி ரெக்கார்டர் மணிக்கணக்கில் ஓடினால் ஒரு ஃப்ரேம், இரண்டு ஃப்ரேம் நகரும். உதடு பொருந்தவில்லை என்றால் நடுவில் வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம்.

எல்லாக் கல்யாணத்திலும் மேளம் இருப்பதில்லை. நிக்காஹ்வில் ஒப்புதல் கேட்டு, மாப்பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்லும் கணம்தான் கல்யாணம். சர்ச்சில் உறுதிமொழி. சுயமரியாதைத் திருமணத்தில் மேடைப் பேச்சுதான் சடங்கே. தலைமை தாங்குபவர் பேசி முடித்து மாலையையும் தாலியையும் எடுத்துக் கொடுப்பார், கெட்டிமேளம் மாதிரி முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது. எங்கே போனாலும் அந்த நிமிடம் ஒரு குரலோடுதான் வருகிறது. அந்தக் குரல் யாருடையது, எந்த மைக்கில் வரும் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்ச்சில் பீடத்துக்கு எவ்வளவு பக்கம் வரலாம், லைட் போடலாமா என்பதை ஃபாதரிடமோ போதகரிடமோ நேரிலேயே கேட்பது நல்லது. முஸ்லிம் வீட்டில் பெண்கள் பகுதியை எடுக்கலாமா என்று வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். எடுக்கச் சொன்னால் ஒரு பெண் கேமராக்காரரை அழைத்துப் போவதுதான் முறை.

இனி தாலி. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுவார். மற்ற இரண்டையும் பெரும்பாலான வீடுகளில் நாத்தனார் போடுவார், அவர் நிற்பது பெண்ணுக்குப் பின்னால். ஐயர் வீட்டில் பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருப்பார். மாலை, பூ வைத்த பின்னல், மாப்பிள்ளையின் முழங்கை, இவ்வளவும் நடுவில் இருக்கும். அதற்குமேல் அட்சதை போடச் சுற்றி நிற்பவர்கள், இப்போது ஆளுக்கொரு செல்போன் வேறு. இதை லென்ஸ் தீர்க்காது, ஆள் பழக்கம்தான் தீர்க்கும். நாத்தனார் யாரென்று காலையிலேயே கேட்டுவையுங்கள். "அக்கா, முடிச்சு போடும்போது கொஞ்சம் இந்தப் பக்கமா நின்னுக்குங்க, நீங்களும் நல்லா விழுவீங்க" என்று சொன்னால் போதும், அவரே மற்றவர்களைத் தள்ளி நிறுத்துவார். ஐயரிடமும் ஒரு வார்த்தை: "சாமி, கெட்டிமேளம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க." மேடையில் யாரையும் அதட்டாதீர்கள். அந்த வீட்டுக்கு அன்றைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் நாம். பெரியப்பா மறைக்கிறார் என்றால் அவர் மறைக்கத்தான் செய்வார்.

அதற்காகத்தான் இரண்டாவது கேமரா. ஒன்றை மண்டபத்தின் நடுவில், தலைகளுக்கு மேல் வரும் உயரத்தில், ஸ்டாண்டில் போட்டு மணவறை முழுவதும் தெரியும்படி வைத்து, முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பிருந்து தொடாமல் ஓடவிடுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. உங்கள் கைக் கேமராவை யாராவது தட்டிவிட்டால், ஃபோகஸ் பூவுக்குப் போய்விட்டால், ஆல்பத்துக்கு எடுக்கும் தம்பி குறுக்கே வந்தால், அன்றைக்கு அதுதான் சோறு போடும். சில கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். வாடகைக்கு எடுக்கும் கேமராவில் இந்த எல்லை இருக்கிறதா, 4கேயில் ஒரு மணி நேரம் ஓடினால் சூடாகி நிற்கிறதா என்று வீட்டில் ஓட்டிப் பாருங்கள். ஏ.சி. இல்லாத மண்டபத்தில், ஹோமப் புகைக்கு நடுவில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மூன்றாவது ஆள் கிடைத்தால் அவரைத் தாலிப் பக்கமே விடாதீர்கள். பெண்ணின் அம்மா முகம், அப்பா கை, வாசல் பக்கம் தனியாக நிற்கும் தாத்தா. ஐந்து வருடம் கழித்து அந்த வீட்டில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அதைத்தான்.

செட்டிங்கில் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 ஃப்ரேமில் 1/50 நொடி, 50 ஃப்ரேமில் 1/100 நொடி என்று ஷட்டரை வைத்தால் மண்டபத்து டியூப்லைட் விட்டுவிட்டு மின்னாது. யூடியூபில் வெளிநாட்டுக்காரர் 24 ஃப்ரேம், 60 ஃப்ரேம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பலருடைய ஊர்க் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். ஸ்லோமோஷனுக்கு 50 ஃப்ரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டினால் கல்யாணத்துக்குப் போதும். மேடையின் பெரிய எல்.இ.டி. திரையும் மலிவான சீரியல் செட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. மண்டபத்துக்குப் போனதும் அவற்றை நோக்கி ஒரு நிமிடம் எடுத்து, கோடு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரிசப்ஷனில் டி.ஜே. லேசர் போட்டால், அந்த ஒளி நேராக லென்ஸுக்குள் வராமல் விலகி நில்லுங்கள். சென்சார் நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, வெள்ளை வேட்டியும் பட்டுச் சரிகையும் நகையும் ஒன்றாக இருக்கும் ஃப்ரேமில் ஆட்டோவை நம்ப முடியாது. முகத்துக்கு வைத்துக்கொண்டு, வேட்டி கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விடுவது என் வழக்கம். சரிகை வெளுத்தால் புடவை எடுத்த அத்தை கேட்பார், அதற்குக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். பிறகு கலர் சேர்த்துக்கொள்வதற்காக வெளிறிய படமாகப் பதியும் லாக் ப்ரொஃபைல் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். மங்கிய மண்டபத்தில் லாக் போட்டு, பிறகு ஏற்றி, முகமெல்லாம் புள்ளியாகக் கொடுப்பதைவிட சாதாரண ப்ரொஃபைலில் சரியாக எடுப்பது மேல். கலர் பழகிய பிறகு லாக் பக்கம் போங்கள்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கணக்கு எளிது. நொடிக்கு 100 மெகாபிட் (100 எம்.பி.பி.எஸ்.) அளவில் எடுத்தால் நொடிக்கு 12.5 எம்.பி., மணிக்கு 45 ஜி.பி. இரண்டு கேமராவும் சேர்ந்து 10 மணி நேரம் ஓடினால் 450 ஜி.பி. இதை இரண்டு பிரதி எடுக்க 900 ஜி.பி. வேண்டும். கார்டில் வி30 என்று போட்டிருந்தால் குறைந்தபட்சம் நொடிக்கு 30 எம்.பி. விடாமல் எழுதும் என்று அர்த்தம், இந்த வேலைக்கு அதுவே தாராளம். வி90க்குப் பணம் கொட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் கார்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியவிடுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் நம்பர் ஒட்டுங்கள். நிறைந்த கார்டைக் கழற்றியதும் பூட்டுப் பொத்தானைத் தள்ளி, தலைகீழாகத் தனிப் பையில் போடுங்கள். பிரதி இரண்டு இடத்தில் ஏறும்வரை அந்தக் கார்டு ஃபார்மட் ஆகக் கூடாது, அடுத்த நாளே வேறு முகூர்த்தம் இருந்தாலும்.

எனக்கு ஒருமுறை நடந்தது. ஆவணியில் அடுத்தடுத்து மூன்று முகூர்த்தம், தூக்கம் இல்லை, ஒரு ரிசப்ஷன் கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். நல்லவேளை, மேலே எதுவும் எடுக்கவில்லை. அப்படி நடந்தால் கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள், ஒரு போட்டோகூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் உண்டு, அதில் எனக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. கிடைக்காமல் போன கொஞ்ச நேரத்துக்காக அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்லியிருந்தால் அவர் மன்னித்திருக்க மாட்டார்.

லைவ் கேட்பார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடு என்றால் கட்டாயம் கேட்பார்கள். யூடியூபில் புதுச் சேனலுக்கு லைவ் அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம், முகூர்த்தத்தன்று காலையில் ஆரம்பித்தால் அவ்வளவுதான். 720பி, 4 எம்.பி.பி.எஸ். போதும், அதுவே செல்போனில் தெளிவாகத் தெரியும். முகூர்த்த நேரத்தில் ஆயிரம் பேர் போனைத் தூக்கும்போது டவர் திணறும். மண்டபத்தில் தரைவழி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம். ரூட்டருக்கும் கேமராக்களை மாற்றிக் காட்டும் மிக்ஸருக்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஐந்து நொடியில்தான் எல்லாம் அணைந்து எழும். மேளக்காரர் சினிமாப் பாட்டு வாசிக்கலாம், டி.ஜே. போடலாம். அதற்காக லைவ் தடைபடக்கூடும், லிங்க்கைத் தனியாக அனுப்பினாலும் யூடியூபின் பாட்டு உரிமைச் சோதனை நடக்கும்.

பாட்டு பற்றிச் சட்டம் சொல்வதைப் பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு ஒலிப்பது மீறல் ஆகாது என்கிறது. அது மண்டபத்தில் ஒலிப்பதற்கு. நீங்கள் அதே பாட்டை ஹைலைட்ஸில் ஒட்டி உங்கள் பக்கத்தில் ஏற்றுவது வேறு விஷயம். உரிமம் வாங்கிய இசை அல்லது அந்தக் கல்யாணத்தில் நீங்களே பதிந்த குரல்கள், இந்த இரண்டைக் கொண்டு டீசர் போடப் பழகுங்கள். அப்பாவின் ஒரு வாக்கியம் சினிமாப் பாட்டைவிட நன்றாக வேலை செய்யும், அதற்கும் முதலில் சொன்ன மைக் வேண்டும்.

இன்னொன்று. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் அல்ல! "என் வேலை, நான் இன்ஸ்டாகிராமில் போடுவேன்" என்று சொல்ல வாயில்லை. ஒரு பக்கத் தமிழ் ஒப்பந்தம் எழுதுங்கள். எந்தெந்த நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம், கூடினால் மணிக்கு எவ்வளவு, என்னென்ன தருவீர்கள், எப்போது, திருத்தம் எத்தனை முறை, ஒரிஜினல் ஃபைல் எத்தனை மாதம் உங்களிடம் இருக்கும், விளம்பரத்துக்குப் போடலாமா. மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ், இன்னொரு பங்கு ரிசப்ஷன் அன்று மாலை, மீதி கொடுக்கும்போது. மறுநாள் மதியம் போய் நின்றால், சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் கொடுத்து ஓய்ந்துபோன மனிதரிடம் பணம் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

ட்ரோனை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில்கூட 400 அடிக்கு மேல் போக அனுமதி வாங்க வேண்டும், விமான நிலையத்தை ஒட்டிய இடமென்றால் இன்னும் இறுக்கம். கேட்கிற வீட்டுக்குச் சான்றிதழ் உள்ள ஆளை அன்றைக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், கூலியைத் தனியாகப் போடுங்கள். கோயில் கல்யாணம் என்றால் கேமராவுக்கே அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்ன பிறகு வாசலில் கெடுபிடி அதிகம்.

கொடுக்கும்போது ஒரு சின்ன விஷயம். பென் டிரைவை நேராக டி.வி.யில் சொருகித்தான் பார்ப்பார்கள். எச்.265 என்ற புதிய வீடியோ சுருக்க முறையில் கொடுத்தால் பல பழைய டி.வி.யில் ஓடாது. பழைய முறையான எச்.264இல், ஃபுல் எச்.டி.யாகக் கொடுங்கள். பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது என்பதால், நிகழ்ச்சிவாரியாகப் பிரித்து, நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம் என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். பாட்டிக்கு முகூர்த்தம் மட்டும்தான் வேண்டும்.

ஆக உங்கள் 1,20,000. முதலில் 32 பிட் ரெக்கார்டர் ஒன்று, காலர் மைக் ஒன்று, காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன். பிறகு 128 ஜி.பி. கார்டு ஆறு, 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். உறுதியான உயர ஸ்டாண்ட், பேட்டரி நாலு, நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கேபிளை ஒட்டும் டேப். இதெல்லாம் போனாலும் ஒரு பகுதிப் பணம் மீதி இருக்கும். அதை இரண்டாவது கேமரா வாடகைக்கும் கூட வரும் பையனின் சம்பளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 85 எம்.எம். வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள், இரண்டு கல்யாணத்துக்குப் பிறகு அது உங்களுக்குத் தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆவணிக்கு முன்னால் ஆடி மாதம் முழுசாக இருக்கிறது, நமக்கும் முகூர்த்தம் கிடையாது. பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவில் மேளம் இருக்கும். அனுமதி கேட்டுக்கொண்டு ரெக்கார்டரையும் ஹெட்ஃபோனையும் எடுத்துப் போய், தவிலுக்கு ஐந்தடியிலும் பதினைந்து அடியிலும் நின்று பதிந்து கேட்டுப் பாருங்கள். கேமராவை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.